யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்தார்களா?

இலங்கையின் 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத் தமிழர்களில் பாதிப்பேர் தேசிய மக்கள் சக்தியை ஆதரித்தார்கள், தமிழ்த் தேசிய அரசியலைக் கைவிட்டுவிட்டார்கள் என்றொரு கதை சுற்றுகிறது. மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அந்தக் கட்சி வென்றது என்பதே இதற்குக் காட்டும் ஆதாரம். அது தவறு.

அந்தக் கட்சி பெற்றது 80,830 வாக்குகள், அதாவது 24.85 வீதம். செல்லுபடியான வாக்குகளில் கால்வாசிதான். அப்புறம் எப்படி மூன்று? மாவட்டத்தில் முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. மிச்ச ஐந்தும் விகிதாசாரப்படி பிரியும். அதில் ஒன்று, ஓர் ஆசனத்துக்குத் தேவையான வாக்குகள் முழுதாக இருந்ததால் நேரடியாகக் கிடைத்தது, இன்னொன்று மீதி வாக்குகளின் கணக்கில் வந்தது. 63,327 வாக்குகள் பெற்ற, தமிழ்த் தேசியக் கட்சியான தமிழரசுக் கட்சிக்கு ஒன்றுதான். தமிழ் வாக்குகள் பல கட்சிகளாகவும் சுயேச்சைக் குழுக்களாகவும் சிதறியதால் வந்த விளைவு இது.

சரி, மாற்றமே இல்லையா? இருக்கிறது, பெரிய மாற்றம். இரண்டே மாதத்துக்கு முந்தைய ஜனாதிபதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க இங்கே பெற்றது சுமார் 7 வீதம். ஆனால் யாழ்ப்பாண முடிவை வடக்கு, கிழக்கு முழுவதற்கும் பொருத்துவது பிழை: கிழக்கில் உள்ள மட்டக்களப்பில் முதலிடம் தமிழரசுக் கட்சிக்கே, ஐந்தில் மூன்று ஆசனங்களுடன்.