இன்ஜினைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம்

சென்ற ஆண்டு, ஆட்டத் திறனை எண்ணால் மதிப்பிடும் ஒரு ரேட்டிங் போட்டியின் நான்காவது சுற்றில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தோற்றேன். வேலைக்குப் போய்க்கொண்டே சதுரங்கம் ஆடுகிறவர்கள் சிறுவர்களிடம் தோற்பது நம் ஊர்ப் போட்டிகளில் அன்றாடம் நடப்பதுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டம் முடிந்தபின் அந்தச் சிறுவனோடு பேசிய பத்து நிமிடங்கள், என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டங்களை எப்படித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதில் நான் வைத்திருந்த எண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டன. அதைத்தான் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

நான் வெள்ளை, அவன் கறுப்பில் சிசிலியன் என்ற தொடக்க ஆட்டத்தை ஆடினான். இ5, டி6 கட்டங்களில் அவனுடைய சிப்பாய்கள் நின்றுவிட்டதால் டி5 கட்டத்தைக் காக்க அவனிடம் சிப்பாய் எதுவும் இல்லை. என் குதிரை அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. சிசிலியன் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், வெள்ளைக்கு அதைவிட நல்ல குதிரை கிடைக்காது. இருபத்திரண்டாவது நகர்த்தலில் அந்தக் குதிரையால் இ7-இல் இருந்த அவனுடைய பிஷப்பை வெட்டினேன். அவன் ராணியால் திருப்பி வெட்டினான். மூன்று நகர்த்தல் கழித்து டி6 சிப்பாயை டி5-க்குத் தள்ளினான். அதன்பின் அவன் காய்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. முப்பத்தேழாவது நகர்த்தலில், கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்த நிலையில், என் யானையை முதல் வரிசையிலிருந்து எடுத்தேன். அவனுடைய யானை உள்ளே வந்தது, மேட்.

வெளியே இருந்த மேசையில் பலகையை அடுக்கிப் பார்த்தோம். போஸ்ட்மார்ட்டம் என்று நாம் சொல்லும் அந்த வழக்கம் இப்போது வேகமாகக் குறைந்துவருகிறது; நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் எல்லோரும் கைபேசி வைத்திருக்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். நல்லவேளையாக அவனுடைய அப்பா வரத் தாமதமானது. நான் முப்பத்தேழாவது நகர்த்தலுக்கு நேராகப் போக முயன்றபோது அவன் கையை நீட்டிக் காய்களைப் பின்னோக்கி நகர்த்தினான்.

"அங்கிள், இங்க ஏன் குதிரையால வெட்டினீங்க? நான் அந்தக் குதிரையைப் பாத்துதான் பயந்துட்டே இருந்தேன். நீங்க வெட்டலைன்னா என் டி6 சிப்பாய் நகர்ந்திருக்கவே முடியாது."

"உன் பிஷப் ஜி5-க்கு வந்துடும்னு நெனச்சேன், தம்பி."

"வந்தா என்ன அங்கிள்?"

என்னிடம் பதில் இல்லை. பிஷப் ஜி5-க்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் கணக்கிட்டுப் பார்க்கவே இல்லை. 'வந்துவிடும்' என்று மட்டும் நினைத்தேன், பயந்தேன், வெட்டினேன். என் ஸ்கோர்ஷீட்டில் நகர்த்தலுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. விதிகள் அதை அனுமதிக்கின்றன. அந்தக் குறிப்பின்படி, ஆட்டத்தின் மிக முக்கியமான அந்த முடிவுக்கு நான் செலவிட்டது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு முன், தொடக்க ஆட்டத்தில் ஒன்றும் பெரிதாக நடக்காத பதினான்காவது நகர்த்தலுக்கு ஒன்பது நிமிடம் செலவிட்டிருந்தேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஆட்டத்தை லிச்செஸ் என்ற சதுரங்க இணையதளத்தில் ஏற்றினேன். அங்கே ஆட்டங்களை ஆராயும் இன்ஜினான ஸ்டாக்ஃபிஷ் என்ற மென்பொருள் சில நொடிகளில் தீர்ப்புச் சொன்னது: முப்பத்தேழாவது நகர்த்தல், பிளண்டர், அதாவது பெருந்தவறு. யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம். இருபத்திரண்டாவது நகர்த்தலுக்கு அது எந்தக் குறியும் இடவில்லை. என் சாதகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். சிறுவன் வந்து சொல்லியிருக்காவிட்டால் நான் அன்றைய ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய பாடம், 'முதல் வரிசையைக் காலியாக விடாதே' என்பதாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பாடம் எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்தும் விட்டதற்குக் காரணம் நேரம் இல்லாமை. நேரம் போனதற்குக் காரணம் டி5 தள்ளப்பட்டபின் ஒவ்வொரு நகர்த்தலையும் தற்காப்பாகவே தேட வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் இருபத்திரண்டாவது நகர்த்தலில் கணக்கிடாமல் பட்ட பயம். பள்ளத்தைக் காட்டிய இன்ஜின் அந்தப் பயத்தைக் காட்டவில்லை. அது காட்டவும் முடியாது, ஏனெனில் அது என் தலைக்குள் நடந்தது, ஸ்கோர்ஷீட்டில் பதிவாகவில்லை.

இன்ஜின்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. 1997-இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை டீப் புளூ கணினி வென்றபோது அதற்காகவே ஒரு பெரிய நிறுவனமும் தனிக் கணினியும் தேவைப்பட்டன. இன்று அதைவிடப் பல மடங்கு வலிமையான ஸ்டாக்ஃபிஷ் ஒரு ரூபாய் செலவில்லாமல் எல்லோருடைய கைபேசியிலும் ஓடுகிறது. இது சாதாரண ஆட்டக்காரனுக்குக் கிடைத்த பெரும் வரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது தவறுகளுக்குப் பெயர் சூட்டும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே நகர்த்தலில் நிலைமை எவ்வளவு சரிந்தது என்பதைப் பார்த்துத்தான் பிளண்டர், தவறு, சிறு பிசகு என்று அது பிரிக்கிறது. மெல்ல மெல்லச் சரிகிற ஆட்டத்தில், ஒவ்வொரு படியும் சிறியதாக இருப்பதால், சரிவு தொடங்கிய இடம் குறியில்லாமலே போய்விடுகிறது. நம்மில் பெரும்பாலோருடைய தோல்விகள் அப்படித்தான் தொடங்குகின்றன என்பது என் சொந்த நோட்டைப் பார்த்து நான் வந்த முடிவு.

நம் நகர்த்தல்கள் இன்ஜினின் தேர்வுக்கு எவ்வளவு நெருக்கம் என்று தளம் காட்டும் துல்லியச் சதவீதம் இன்னும் மோசமாக ஏமாற்றும். எதிராளி பத்தாவது நகர்த்தலில் ராணியை இழந்துவிட்டால், அதன்பின் நாம் எதை ஆடினாலும் சதவீதம் உயரும். மனப்பாடமான தொடக்க நகர்த்தல்கள் பதினைந்தை வேகமாக ஆடினாலும் உயரும். அந்த எண்ணைப் படம் பிடித்துப் பகிர்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள்மேல் அன்போடு சொல்கிறேன்: அந்த ஆட்டத்தில் நீங்கள் தடுமாறிய ஒரே ஓர் இடத்தைச் சொல்லுங்கள், அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம்.

இந்தச் சிந்தனை புதியதல்ல. சோவியத் நாட்டின் உலகச் சாம்பியன் மிகயில் போத்வின்னிக், ஓர் ஆட்டக்காரர் தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, அந்த ஆய்வை அச்சிட்டு, மற்றவர்கள் அதில் பிழை கண்டுபிடிக்கக் கொடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். 1957-இல் ஸ்மிஸ்லோவிடம் உலகப் பட்டத்தை இழந்து 1958-இல் மீட்டார்; 1960-இல் தாலிடம் இழந்து, மறு ஆண்டு தன் நாற்பத்தொன்பதாவது வயதில் 13க்கு 8 என்று வென்று மீட்டார். தோற்ற ஆட்டங்களை ஆராய்ந்து திரும்பி வந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று சதுரங்க வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகியோர் படித்த அவருடைய பள்ளியிலும், மாணவர்கள் தங்கள் சொந்த ஆட்டங்களைக் கொண்டுவந்து காட்டி விளக்குவதே பாடத்தின் மையமாக இருந்தது.

நம் சென்னையிலேயே இன்னும் அருகிலான உதாரணம் இருக்கிறது. குகேஷைச் சிறு வயதில் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கை ஒட்டிய நிலைக்கு வரும்வரை அவரை இன்ஜினிடமிருந்து தள்ளியே வைத்திருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 2019 ஜனவரியில் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டரான சிறுவன், எல்லோர் கையிலும் இன்ஜின் இருந்த காலத்தில் அது இல்லாமல் வளர்ந்தான் என்பதை நம் ஊர்ப் பெற்றோர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், பதினான்காவது ஆட்டத்தின் ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2-க்கு வைத்தபோது, யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டால் எஞ்சும் சிப்பாய் ஆட்டம் தனக்கு வெற்றிதான் என்று பலகையைப் பார்த்தே குகேஷ் கண்டுகொண்டார். அங்கே இன்ஜினின் மதிப்பீட்டைக் காட்டும் பட்டை எதுவும் அவர் முன் இல்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நம் எல்லோர் முன்னாலும் இருந்தது.

எனவே இந்த ஓராண்டாக நான் செய்துவருவதைச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்த அன்றே, அதிகம் போனால் மறுநாள் காலைக்குள், ஸ்கோர்ஷீட்டையும் ஒரு கோடு போட்ட நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். முதலில் எழுதுவது நகர்த்தல்களை அல்ல, நினைப்புகளை: இந்த இடத்தில் எதை எதிர்பார்த்தேன், எதற்குப் பயந்தேன், எந்த நகர்த்தலை ஆட ஆசைப்பட்டு விட்டுவிட்டேன், எதிராளி ஆடியதில் எது என்னைத் திடுக்கிட வைத்தது. இரண்டு நாள் கழித்து எழுதினால் இவை நினைவில் இருப்பதில்லை. மனம் தன்னிடமே நல்ல பெயர் வாங்க ஒரு கதையைக் கட்டிவிடுகிறது. பிறகு மரப்பலகையில் காய்களை அடுக்கி, மூன்றோ நான்கோ முக்கிய நிலைகளில் வேறு என்ன ஆடியிருக்கலாம் என்று என் கணக்கை எழுதுகிறேன். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குப் பின்பே இன்ஜின்.

இப்போது இன்ஜினிடம் போகும்போது என் கையில் கேள்விகள் இருக்கின்றன. 'பிஷப் ஜி5-க்கு வந்திருந்தால்?' என்று அந்த நகர்த்தலைப் பலகையில் வைத்துக் கேட்கலாம். அந்தச் சிறுவனுடைய ஆட்டத்தில் நான் கேட்டேன். பிஷப் வந்தாலும் ஒன்றும் ஆகாது, குதிரை இருந்த இடத்திலேயே இருக்கும், வெள்ளையின் சாதகம் அப்படியே தொடரும் என்று பதில் வந்தது. என் கணக்கும் இன்ஜினின் கணக்கும் எங்கே பிரிகின்றனவோ, அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, காரணத்தை என் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியமாக எழுதுகிறேன்.

'நீயே ஆராய்ந்தால் தப்பாகத்தானே ஆராய்வாய், அதனால் என்ன பயன்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆம், என் ஆய்வில் பாதி தவறு. ஆனால் அந்தத் தவறுகள்தான் அடுத்த ஆட்டத்திலும் பலகை முன் உட்காரப்போகின்றன. அவற்றை எழுத்தில் பிடித்து வைத்தால்தான் திருத்த முடியும். இன்ஜினின் சரியான விடையை முதலிலேயே பார்த்துவிட்டால், 'ஆமாம், இது எனக்கும் தோன்றியது' என்று மனம் சொல்லிக்கொள்ளும். தேர்வுக்கு முன் விடைத்தாளைப் படித்தவனுக்குத் தனக்கு என்ன தெரியாது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டங்களுக்கு இந்த உழைப்பு வேண்டாம். அவற்றில் நினைப்பதற்கே நேரமில்லாததால் திரும்பிப் பார்க்க நினைப்பும் இருக்காது. வாரம் ஒரு நீண்ட ஆட்டம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாளில் முடியும் ரேப்பிட் (வேக ஆட்ட) போட்டிகளில் நகர்த்தல்களை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பேருந்தில் திரும்பும்போது ஓர் ஆட்டத்தையாவது நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். முதல் மாதம் பதினைந்து நகர்த்தலோடு நின்றுவிடும். ஆறு மாதத்தில் முழு ஆட்டமும் வரும்.

வென்ற ஆட்டங்களையும் எழுதுங்கள். என் நோட்டில் மிகப் பயனுள்ள பக்கங்களில் இரண்டு, நான் வென்றவை. இரண்டிலும் எதிராளி ஒரு நல்ல பதிலைத் தவறவிட்டிருக்கிறார், நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பன்னிரண்டு ஆட்டங்கள் சேர்ந்தபின் ஒருநாள் நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனிப் பாடம் எழுதியதாக நினைத்திருந்தேன். படித்தபோது, ஏழு இடங்களில் வெவ்வேறு வார்த்தைகளில் ஒரே வாக்கியம் இருந்தது: எதிராளியின் ஒரு காய் என் ராஜாவின் பக்கம் திரும்பினால், கணக்கிடாமல் என் சிறந்த காயைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்கிறேன். தொடக்க ஆட்டம் எதுவாக இருந்தாலும், எதிராளி யாராக இருந்தாலும், இதைத்தான் செய்திருக்கிறேன். இருபது வருடமாக நான் வாங்கிய தொடக்க ஆட்டப் புத்தகங்களில் எதுவும் இதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது. ஆடுகிறவன் நான் என்பதால், என் கையெழுத்தில்தான் அது கிடைத்தது.

குழந்தைகளைப் போட்டிக்கு அழைத்துவரும் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அரங்கத்திலிருந்து வெளியே வரும் குழந்தையிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை பாயிண்ட்?' என்பதாக இருக்கிறது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலே சொல்லிவிடும். 'எந்த நகர்த்தலில் ரொம்ப நேரம் யோசிச்சே?' என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் பேசிய அந்தச் சிறுவனுக்கு அப்படி யாரோ கேட்டுப் பழக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வென்ற ஆட்டத்தில் தான் பயந்த இடத்தைத் தேடிக் காட்டியிருக்க மாட்டான்.

சென்ற ஞாயிறு ஆடிய ஆட்டத்தில், இருபத்தாறாவது நகர்த்தலில் எதிராளியின் ராணி என் ராஜாவை நோக்கித் திரும்பியது. ராணிகளை மாற்றிக்கொள்ளும் வழி இருந்தது. கை அதை நோக்கிப் போனதும் உண்மை. கையை மடியில் வைத்துக்கொண்டு பதினொரு நிமிடம் கணக்கிட்டேன், மாற்றவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. அந்த முடிவு சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. நோட்டில் என் கணக்கை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், பலகை மேசைமேல் அந்த நிலையிலேயே நிற்கிறது. முப்பத்தோராவது நகர்த்தலில் யானையை இ நெடுவரிசைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டுமோ என்ற ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அதை இன்றிரவு நானே பார்த்துவிட்டு நாளைதான் இன்ஜினைத் திறப்பேன்.