கொடியில் ஒரு பிரசவ வார்டு

(காலை. பின்பக்கத் தோட்டம். கோமதி ஈரத்துணி வாளியோடு வருகிறார். மாணிக்கம் தூணுக்குப் பின்னால், ஏதோ கடன்காரரைக் கண்டவர்போல ஒளிந்து நிற்கிறார்.)

மாணிக்கம்: உஷ்! வாளியை மெதுவா வை.

கோமதி: துணி காயப்போடணும், நகருங்க.

மாணிக்கம்: கொடியிலயா? விளையாடுறியா? சிட்டு அடைகாக்க ஆரம்பிச்சு இன்னிக்கு 15ஆம் நாள்!

கோமதி: எனக்கும்தான் 15ஆம் நாள். நாற்காலி முதுகுல வேட்டி, டிவி மேல துண்டு, கதவு மேல போர்வை. நேத்து சிலிண்டர் கொண்டுவந்தவர் "வீடு காலி பண்றீங்களாம்மா?"ன்னு கேட்டுட்டுப் போறார்.

மாணிக்கம்: 10 கிராம்கூட இல்லாத உசுரு கோமதி. இத்தனூண்டு தேன்சிட்டு. அத்தனை மரத்தையும் விட்டுட்டு நம்ம கொடியைத் தேடி வந்து கூடு கட்டியிருக்கு.

கோமதி: கூடா அது? காத்துல ஏதோ குப்பை வந்து சிக்கியிருக்குன்னு முதல் நாள் நான் துடைப்பத்தோட வந்தேன்.

மாணிக்கம்: அதுதான் சூட்சுமமே! சிலந்தி நூலால பின்னி, வெளியில மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம்னு ஒட்டி வைக்கும். பாக்குறவன் குப்பைன்னு நினைச்சுப் போயிடணும்.

கோமதி: அப்ப உங்க மேஜையிலயும் எங்கேயோ முட்டை இருக்கும்.

மாணிக்கம்: கட்டினது யாரு தெரியுமா? பொண்ணுதான்.

கோமதி: ஐயா என்ன பண்ணாரு?

மாணிக்கம்: (கொஞ்சம் தயங்கி) காவல்.

கோமதி: ஸ்கூட்டர் கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாத்துட்டு, எவனோ வந்துட்டான்னு கொத்து கொத்துன்னு கொத்திச்சே, அந்தக் காவலா?

மாணிக்கம்: அது எல்லைத் தகராறு. பாவம், அலகு நொந்துடுமேன்னு கண்ணாடிக்கு சாக்ஸ் மாட்டி விட்டேன்.

கோமதி: ஓ! அந்த ஒத்தை சாக்ஸ் அங்கதான் இருக்கா? மூணு நாளா வாஷிங் மெஷினைத் திட்டிக்கிட்டு இருக்கேன். அது சரி, செம்பருத்திக்கு வாங்கின பூச்சிமருந்து எங்க?

மாணிக்கம்: ஒளிச்சு வச்சுட்டேன். தான் தேன் குடிச்சாலும், குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும் ஊட்டணும் அது. நீ மருந்தடிச்சா அது எங்க போகும்?

கோமதி: நல்லா கரிசனம். அந்தச் செம்பருத்தியிலயே பூவுக்கு அடியில ஓட்டை போட்டுத் தேனைத் திருடுது, பாத்தீங்களா?

மாணிக்கம்: வாசல் வழியா எட்டலைன்னா பின்சுவர்ல கன்னம் வைக்குது. கெட்டிக்காரத்தனம்!

கோமதி: நான் சாவியைத் தொலைச்சுட்டுப் பின்பக்கமா ஏறி வந்தா மட்டும் அது கெட்டிக்காரத்தனம் இல்ல. போகட்டும், ராத்திரி பையனுக்கு என்ன மெசேஜ் போட்டீங்க?

மாணிக்கம்: உள்ளதைத்தான் போட்டேன்.

கோமதி: வாய் விட்டுப் படிங்க.

மாணிக்கம்: (போனை எடுத்து) "வீட்ல விசேஷம். ரெட்டை. அம்மா ராத்திரி பூரா அசையாம படுத்திருக்கா. நான்தான் கூடவே இருந்து பாத்துக்கறேன்." இதுல என்ன தப்பு?

கோமதி: எனக்கு 58 வயசுங்க!

மாணிக்கம்: ஐயையோ.

கோமதி: 12 மணிக்கு போன் பண்ணி, "அம்மா, என்னம்மா இதெல்லாம்?"னு கேக்குறான். தூக்கக் கலக்கத்துல சிட்டைப் பத்திக் கேக்குறான்னு நினைச்சு, "எனக்கென்னடா தெரியும், எல்லாம் உங்கப்பா ஆசைப்பட்டது"ன்னு சொல்லிட்டேன். பின்னால மருமக சத்தம் வேற.

மாணிக்கம்: அழுதாளா?

கோமதி: சிரிச்சாளோ என்னமோ. காலையில உங்க போனைப் பாத்தப்பதான் எனக்கு விளங்குச்சு. ஏங்க, ஒண்ணு கேக்கவா? ரிட்டயர் ஆனதுலேர்ந்து "மணி என்ன, மணி என்ன"ன்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவை கேப்பீங்க. 2 வாரமா கேக்கவே இல்லையே?

மாணிக்கம்: எதுக்குக் கேக்கணும்? அது போறதும் வர்றதுமே மணி மாதிரி இருக்கு. பையன் போனப்புறம் ராத்திரி மழை சத்தம் கேட்டா புரண்டு படுத்துக்குவேன். இப்ப எந்திரிச்சு வந்து கொடியைப் பாக்கறேன்.

கோமதி: தெரியும். நேத்து ராத்திரி நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் வந்து பாத்துட்டுப் போயிட்டேன்.

மாணிக்கம்: நீயா?

கோமதி: பூனை சத்தம் கேட்டுச்சுங்க. வேற ஒண்ணுமில்ல. (சட்டென்று அவர் கையைப் பிடித்து) அங்க பாருங்க! வருது. வாயில என்னமோ கால் ஆடுது!

மாணிக்கம்: சிலந்தி! கோமதி, சிலந்தியைத் தூக்கிட்டுக் கூட்டுக்குள்ள போகுதுன்னா…

கோமதி: பொரிச்சிடுச்சா?

(மாணிக்கத்தின் போன் பெரிதாக அலறுகிறது. கோமதி பாய்ந்து பிடுங்கிக் காதில் வைக்கிறார். வாளி கவிழ்கிறது, துவைத்த துணியெல்லாம் மண்ணில்.)

கோமதி: (ரகசியக் குரலில்) டேய், ரெண்டும் சுகம்டா. சத்தம் போடாதே, அப்புறம் பேசு. அம்மா ஊட்டிக்கிட்டு இருக்கா.