2009 கோப்பை பாராமட்டாவுக்கு வரவில்லை

ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் போட்டி (NRL) பற்றிய பேச்சில், "மெல்போர்ன் ஸ்டார்மிடம் பறித்த 2009 பட்டம் பாராமட்டா ஈல்ஸுக்குத்தானே வந்தது, அப்புறம் என்ன 1986-லிருந்து வறட்சி என்று புலம்பல்? வரும் சீசனில் எளிதாக ஜெயிப்பார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பட்டம் பறிபோனது சரி. ஓர் அணி வீரர்களுக்கு மொத்தம் இவ்வளவுதான் தரலாம் என்ற சம்பள உச்சவரம்பை மீறி ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக 2010 ஏப்ரலில் ஸ்டார்மின் 2007, 2009 கோப்பைகள் ரத்தாயின. ஆனால் அவை யாருக்கும் மாற்றித் தரப்படவில்லை. 2009-க்கு சாம்பியனே கிடையாது. புள்ளிப் பட்டியலில் எட்டாம் இடத்தில் இருந்து, ஜாரிட் ஹேன் என்ற வீரர் இழுத்துவந்த ஈல்ஸ் அணி இறுதிப் போட்டியில் ஸ்டார்மிடம் 23-16 என்று தோற்றது. அந்த ஸ்கோர் அப்படியேதான் இருக்கிறது. (உச்சவரம்பு விஷயத்தில் ஈல்ஸும் உத்தமர்கள் இல்லை, அதற்காகவே 2016-ல் பட்டியலில் 12 புள்ளி போனதே!)

ஆக, கடைசிக் கோப்பை 1986-தான். கேன்டர்பரியை 4-2 என்று வென்ற ஆட்டம். இரு பக்கமும் ஒரு ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) கூட இல்லை, மூன்று பெனால்டி உதைகளோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் 2001, 2009, 2022 என மூன்று இறுதிப் போட்டிகள், மூன்றிலும் தோல்வி. நானும் ஈல்ஸ் பக்கம்தான். வரும் சீசனில் முதல் எட்டுக்குள் வந்தாலே எனக்குப் போதும்.