சோயா போடத் தேயிலை மலையைக் காட்டாதீர்கள்

தேயிலைக்கு விலை இறங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "மலையகத்தில் சோயா போடலாமே" என்று ஆரம்பித்துவிடுகிறார். சோயாவுக்கு வேண்டியது சூடு. காய் முற்றி உலரும் நேரத்தில் நல்ல வெயில். நுவரெலியாவில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? (கொழுந்து பறிப்பவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள் என்றால் மட்டும் இவர்கள் வாய் திறப்பதில்லை.)

சோயாவின் இடம் மலைக்குக் கீழே: அநுராதபுரம், மகாவலி எச் வலயம் (மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்தின் ஒரு பகுதி), மாத்தளையின் வறண்ட பக்கம். ஆண்டின் இரண்டாவது பயிர்ப் பருவமான சிறுபோகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் போதாத வயலில் விதைத்து, மூன்று மாதத்தில் அறுத்துவிடுகிறார்கள். வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர் காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் யூரியாச் செலவும் குறைவு. பொல்கொல்லை அணையில் திருப்பிவிடப்படும் எங்கள் மகாவலித் தண்ணீர்தான் கலாவெவக் குளம் வழியாக அந்த வயல்களுக்கும் போகிறது.

தோட்டத்து மக்களாகிய நாங்கள் சோயாவை விளைவிப்பவர்கள் அல்ல, தின்பவர்கள். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் எங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் அதே வாசனைதான்: சோயா மீட்டை உப்புப் போட்ட சுடுநீரில் ஊறவைத்து, இறுகப் பிழிந்து, வெங்காயத்தோடு வதக்கி, கறித்தூளும் தேங்காய்ப்பாலும் விட்டு இறக்கினால் ரொட்டிக்கும் சோற்றுக்கும் அதுவே இறைச்சி. பிழியாமல் போட்டால் பச்சை வாடை போகாது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்வது அது. அந்த மா பெரும்பாலும் கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் எங்கள் கறிச்சட்டிக்குத்தான் முதல் அடி.

உள்ளூர்ச் சோயா எங்களிடம் வருவது திரிபோஷாப் பொதியில். 1973இல் தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் கலந்த சத்துமா. கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுப்பார்கள். 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை விழுந்தது. அதனால் விளைச்சல் விழுந்து, 2022இல் சோளம் கிடைக்காமல் திரிபோஷாவே தடைப்பட்டது. அநுராதபுரத்து வயலில் நடப்பது தோட்டத்துப் பிள்ளையின் எடை அட்டையில் தெரியும் என்பதை அப்போதாவது கொழும்பு கவனித்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது வேறு. விதைக்கும் முன்பே சோயாவின் கொள்முதல் விலையை அறிவியுங்கள். அறுத்த பிறகு அறிவித்தால் அது இடைத்தரகருக்குச் செய்யும் உபகாரம். பச்சைச் சோயாவைப் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்க முடியாது. வறுத்தோ அவித்தோ பதப்படுத்த வேண்டும். கன்னொறுவையில் சோயா உணவு ஆராய்ச்சிக்கென்றே நிலையம் வைத்த நாட்டுக்கு அது தெரியாத வேலையா? சிறுபோகத்துச் சோயாவில் ஒரு பங்கை அப்படிப் பதப்படுத்தி, ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கும் (குழந்தைக் காப்பகத்துக்கும்) காலை உணவாக அனுப்புங்கள்.