வாடகைக்காரிக்கு ஊரைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்டவர்களுக்கு

அந்த முதலீட்டுக் குழுவில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக ஸ்கிரீன்ஷாட் போடப் போவதில்லை. யார் பெயரையும் இழுக்கும் எண்ணமும் இல்லை. "மெஷர் டி ஒழிந்தது, டாஹோ திறந்துவிட்டது, வீடு வாங்க இதைவிட நல்ல நேரம் வராது" என்று ஒரு நண்பர் பட்டாசு வெடிக்காத குறையாகக் கொண்டாடியிருந்தார். கலிபோர்னியாவில் நான் குடியிருக்கும் சவுத் லேக் டாஹோ என்ற ஏரிக்கரை ஊரில், குடியிருப்புத் தெரு வீடுகளை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதைத் தடுத்த உள்ளூர்ச் சட்டம்தான் மெஷர் டி (Measure T). அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரி: அந்தத் தெருக்களில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், கொஞ்சம் யோசித்துக் கொண்டாடுங்கள். அதற்குக் கிடைத்த பதில்கள்தான் உங்களுக்குத் தெரியுமே. "அக்கா, பொறாமை வேண்டாம்." "சொந்த வீடு இல்லாதவங்க எல்லாம் பாலிசி பேச வந்துட்டாங்க." கடைசியாக, "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஊரைப் பத்தி என்ன அக்கறை?" அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அட்மின் என் கமெண்ட்டை மட்டும் நீக்கிவிட்டார். குழுவின் அமைதியைக் காக்கிறாராம்.

சரி, என் சுவரில் எழுத எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். குடியிருப்புத் தெருவில் ஒரு வீடு இருந்தால் அதில் யாராவது குடியிருக்க வேண்டும். சுற்றுலாவே வேண்டாம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஹெவன்லியில் பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களால்தான் எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவர்கள் தங்குவதற்கு நெவாடா எல்லையில் உள்ள ஸ்டேட்லைனில் காஸினோ ஹோட்டல்கள் இருக்கின்றன, மலையேறும் காண்டோலா கம்பிவட வண்டியின் அடிவாரம் முழுக்க விடுதிகள் இருக்கின்றன. அந்தச் சுற்றுலா மையப் பகுதியில் மெஷர் டி கையே வைக்கவில்லை. 2018 நவம்பரில் சவுத் லேக் டாஹோ மக்கள் வாக்களித்தது மற்ற தெருக்களைப் பற்றி. அங்கே இருக்கும் விடுமுறை வாடகை வீடுகளை, இங்கே எல்லோரும் வி.எச்.ஆர். என்று சொல்வதை, 2021 முடிவதற்குள் மூட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 58 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. "58 ஓட்டெல்லாம் ஒரு வெற்றியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐபிஎல்லில் கடைசிப் பந்தில் ஜெயித்தால் கோப்பையைப் பாதியாக உடைத்தா கொடுக்கிறார்கள்?

இன்னொன்று. 2025 மார்ச்சில் எல் டொராடோ கவுண்டி நீதிமன்றம் மெஷர் டி செல்லாது என்று சொன்னதை வைத்து, ஏதோ வி.எச்.ஆர். என்பது மனித உரிமை என்று தீர்ப்பு வந்ததுபோல் எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பு அப்படி இல்லை. ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மட்டும் தங்கள் வீட்டை வருடத்தில் 30 நாள் வரை வாடகைக்கு விடலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. அது வெளி மாநிலத்துக்காரர்களுக்குப் பாரபட்சம், அரசியல் சாசனத்துக்கு ஒத்துவராது, அதை மட்டும் தனியாக வெட்டி எடுக்கவும் முடியாது, ஆகவே மொத்தமும் செல்லாது என்பதுதான் விஷயம். உள்ளூர்க்காரன் கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டுக்குப் போகிற வாரத்தில் நாலு காசு பார்க்கட்டும் என்று விட்ட சந்து அது. அந்தச் சந்து வழியாகவே முழுச் சட்டமும் வெளியே போய்விட்டது. இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. குடியிருப்புத் தெருவில் ஆள் குடியிருக்க வேண்டும் என்று ஒரு ஊர் நினைப்பது தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

மெஷர் டி வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வீடு வி.எச்.ஆர். ஆகத்தான் இருந்தது. மூன்று படுக்கையறை. வெள்ளி இரவு பதினான்கு பேர் வந்து இறங்குவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாட் டப்பில் கச்சேரி. பனி அள்ளும் வண்டி வரும்போது தெருவில் கார் நிறுத்தக் கூடாது என்று பலகையே இருக்கும், அதன் கீழேயே நிறுத்தியிருப்பார்கள். வண்டிக்காரர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். பிறகு அந்தத் தெரு நாள் முழுக்க அப்படியே கிடக்கும்.

ஒருமுறை எங்கள் ஆட்களே வந்திருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமாண்டிலிருந்து ஐந்து குடும்பம், கூடவே பிரியாணி அண்டா. நான் தமிழ் என்று தெரிந்ததும் வந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். நல்ல மனிதர்கள், பிரியாணியும் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பும்போது குப்பையை எல்லாம் பையில் கட்டி, கரடிப் பெட்டிக்குள் போடாமல், பெட்டிக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி அது. அதற்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு, உள்ளே விரலை விட்டு அழுத்த வேண்டும். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், இரண்டு நாள் தங்க வந்தவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? மறுநாள் காலையில் தெரு முழுக்கக் கோழி எலும்பு. பொறுக்கியது நானும் எதிர்வீட்டுப் பெரியவரும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஹேங்க் தி டேங்க் என்று தேடிப் பாருங்கள். டாஹோ கீஸ் பகுதியில் வீடு வீடாகப் புகுந்த, 500 பவுண்டு எடை என்று சொல்லப்பட்ட கரடி. உலகமே செல்லப் பெயர் வைத்துக் கொஞ்சியது. மரபணுச் சோதனை செய்து பார்த்தால் குறைந்தது மூன்று கரடிகள் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் பிடித்தபோது அது ஆணே இல்லை, குட்டிகளோடு இருந்த பெண் கரடி. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்டுவிட்ட கரடிக்கு நல்ல முடிவு அநேகமாகக் கிடையாது. அது காட்டுக்குள்ளேயே இரை தேடிக்கொள்ளும்படி குப்பையைப் பூட்டி வைத்திருக்க வேண்டியது நாம்.

"என் வீடு, என் உரிமை, நான் யாருக்கு விட்டால் உங்களுக்கு என்ன?" இதைச் சொன்னவர்கள் டாஹோவில் ஒரு மரத்தை வெட்டிப் பார்த்திருக்கிறார்களா? 14 அங்குலத்துக்கு மேல் குறுக்களவு உள்ள மரத்தை உங்கள் வாசலிலேயே அனுமதியில்லாமல் தொட முடியாது. மனையில் எவ்வளவு தரையைக் கட்டடத்தாலும் சிமென்ட்டாலும் மூடலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1969-ல் கலிபோர்னியாவும் நெவாடாவும் சேர்ந்து உருவாக்கிய டி.ஆர்.பி.ஏ. என்ற அமைப்பு, ஏரித் தண்ணீர் கலங்கிவிடக் கூடாது என்பதற்காக இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுத்தான் வீடு வாங்குகிறீர்கள். ஏரியின் நிறம் மாறினால் வீட்டின் விலை இறங்கிவிடும் இல்லையா? ஏரிக்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், எதிர்வீட்டுப் பெரியவரின் தூக்கத்துக்காக விட்டுக்கொடுக்க முடியாது. நல்ல கொள்கை.

"வீடு போதவில்லை என்றால் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே?" என்ற மேதைக்கும் மேலே இருக்கும் பத்தியே பதில். இங்கே நினைத்தபடி கட்ட முடியாது. இருக்கிற வீடுகள்தான் இருக்கின்றன. அதனால்தான் இருக்கிற வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும் என்கிறேன்.

நகராட்சிக்கு விடுதி வரி வருமானம் போகும் என்கிறார்கள். போகும்தான். ஹோட்டலில் தங்கினாலும் அதே வரிதான் கட்டுகிறார்கள், அதோடு விடுகிறேன்.

கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்றும் வந்தது. வி.எச்.ஆர். மூடிய பிறகு வாடகை குறைந்ததா, அந்த வீடுகளுக்கெல்லாம் ஊழியர்கள் குடிவந்துவிட்டார்களா என்று. இல்லை. ஆனால் நடுவில் 2020 வந்தது. கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை என்றதும் சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியாவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறியது. எங்கள் தெருவிலும் ஒரு வாடகை வீடு அப்போதுதான் விற்றுப்போனது. வாங்கியவர் எப்போதாவது பனிக்காலத்தில் வருவார் என்று கேள்வி. இந்த ஊரில் பத்தில் நான்குக்கு மேற்பட்ட வீடுகளில் நிரந்தரமாக யாரும் குடியில்லை. அப்படியானால் காலி வீடுதான் பிரச்சினை, வி.எச்.ஆர். இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும், இதே வாதத்தை ரியல் எஸ்டேட்காரர்கள் வருடக்கணக்காகச் சொன்னார்கள். சரி என்று 2024 நவம்பரில் மெஷர் என் (Measure N) வாக்கெடுப்புக்கு வந்தது. வருடத்தில் 182 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் கிடக்கும் வீட்டுக்கு முதல் வருடம் 3,000 டாலர், அப்புறம் 6,000 டாலர் வரி, அந்தப் பணம் வீட்டுவசதிக்கும் சாலைக்கும். காலி வீடுதான் பிரச்சினை என்று சொன்ன அதே ஆட்கள் பணத்தைக் கொட்டி எதிர்த்தார்கள். பெரிய வித்தியாசத்தில் தோற்றது. வி.எச்.ஆரைத் தொட்டால் காலி வீட்டைப் பார் என்பார்கள், காலி வீட்டைத் தொட்டால் பாட்டியின் பரம்பரை கேபினைப் பறிக்கிறார்கள் என்பார்கள். எதைத்தான் தொடலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் வசதியாக இருக்கும்.

"நீங்கள் மட்டும் ஊருக்குப் போனால் ஏர்பிஎன்பியில் தங்குவதில்லையா?" தங்கியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று வாக்களித்தால் ஹோட்டலுக்குப் போவேன். இதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

"நீங்கள் ஹோட்டலில் வேலை செய்கிறீர்கள், அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள்." கணக்குப் பிரிவில் இருக்கிறேன் அம்மா. ஒரு அறை கூடுதலாக நிரம்பினால் எனக்கு ஒரு டாலர் கூடுதலாக வராது. வீடு விற்றுக் கொடுத்தால் கமிஷன் வாங்குகிறவர் எழுதியதை நடுநிலை ஆலோசனை என்றும், நான் எழுதியதைச் சுயநலம் என்றும் படிக்க முடிகிற உங்கள் கண்ணாடியை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

இப்போது அந்த வாடகைக்காரி விஷயத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் மற்றதெல்லாம் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

2021 ஆகஸ்ட் 30. கால்டோர் காட்டுத் தீ மலையைத் தாண்டி இறங்குகிறது, ஊரையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வானம் ஆரஞ்சாக இருந்தது, மூச்சு விட முடியவில்லை. எதிர்வீட்டுப் பெரியவரால் அவ்வளவு தூரம் கார் ஓட்ட முடியாது. அவர் மகள் ஓரிகனில் இருக்கிறார். அவரையும் அவர் பூனையையும் ஏற்றிக்கொண்டு 50-ஆம் எண் நெடுஞ்சாலையில் நெவாடா பக்கம் நகர்ந்தோம். நகர்ந்தோம் என்பதுதான் சரி, ஓட்டினோம் என்று சொல்ல முடியாது, அவ்வளவு நெரிசல். அவர் வீட்டில் இருக்கிறார், அவரால் கிளம்ப முடியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தெருவில் குடியிருந்தேன், அவ்வளவுதான். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டு உரிமையாளரும் அன்று போன் செய்தார், வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா, இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று.

அதற்கு அடுத்த வருடப் பனிக்காலம், 2022-23. டானர் கணவாய்ப் பக்கம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பனி ஆய்வகம் இருக்கிறது. அங்கே அந்தப் பருவத்தில் 754 அங்குலம் பதிவானது. கிட்டத்தட்ட 63 அடி. அதைவிட அதிகம் விழுந்தது அவர்கள் கணக்கில் 1951-52-ல் மட்டும்தான். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் ஜன்னலுக்கு மேலே பனி. தெருமுனைத் தீயணைப்புக் குழாய் எங்கே என்றே தெரியாமல் புதைந்துபோனது. அதைத் தோண்டி எடுத்தது யார் தெரியுமா? நான், என் கணவர், பள்ளிக்கூடத்தில் சமைக்கும் ஒரு அம்மா, பனிச்சறுக்கு லிஃப்ட் இயக்கும் பெரு நாட்டுப் பையன்கள் இரண்டு பேர். எல்லோருமே வாடகைக்காரர்கள். அந்தக் குழாயை நம்பித்தான் சொந்த வீட்டுக்காரர்களின் காலி வீடுகளும் நின்றன. அக்கறை பற்றிப் பாடம் எடுத்தவர்கள் அந்த வாரம் பே ஏரியாவில் சான் ரமோனில் வெயில் காய்ந்துகொண்டு, "வாவ், வின்டர் வண்டர்லேண்ட்" என்று என் போட்டோவுக்கு இதயம் போட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுகிறவர்கள் படட்டும். நம் ஆட்கள் நடுவே வீடு வாங்கியவர், வாங்காதவர் என்று இரண்டு சாதி வந்துவிட்டது. முதலில் விசா எது என்று பார்த்தோம், அப்புறம் எந்தக் கம்பெனி என்று பார்த்தோம், இப்போது எத்தனை வீடு. ஒரு வீடு வைத்திருப்பவரே கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார். என்னை வருடம் முழுக்க யாரும் விசாரிப்பதில்லை. டிசம்பர் வந்ததும் "எப்படி இருக்கீங்க, ரோட்டில் பனிக்கு டயரில் செயின் போடணுமா?" என்று பத்து மெசேஜ் வரும். பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இந்த டிசம்பரில் சாலைத் துறையின் செயலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, அதே குழுவிலிருந்து இரண்டு பேர் இன்பாக்ஸுக்கு வந்தார்கள். ஒருவர் எமோஜி போட்டவர். வீடு பார்த்துவிட்டாராம், விருந்தினர் கிளம்பியதும் சுத்தம் செய்யவும் பனி அள்ளவும் நம்பிக்கையான ஆள் யாராவது தெரியுமா என்று கேட்கிறார். தெரியும். எங்கள் தெருவிலேயே இருந்தார், வேலையில் தங்கம். அவர் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள், ஊருக்குள் வேறு வீடு கிடைக்காமல் நெவாடாவில் கார்ட்னர்வில்லுக்குப் போய்விட்டார். பனி கொட்டும் நாளில் கிங்ஸ்பரி கிரேடு மலைச்சாலையில் ஏறி வர முடியாது, காலை பத்து மணிக்கு முன் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டார். உங்கள் விருந்தினர்களுக்குச் செக்-அவுட் எத்தனை மணி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.