22 கோழி என்றால் அவ்வளவு இளக்காரமா?

மூன்று மாதமாகக் கால்நடைத் துறைக்கு அலைகிறேன். என்னிடம் இருப்பது 19 பெட்டை, 3 சேவல். இவற்றுக்கு நோய் இல்லை என்று முறைப்படி சோதித்து ஒரு சான்றிதழ் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். அடைவைக்க முட்டை வேண்டும் என்று நாலு பேர் கேட்கிறார்கள், முட்டையோடு சேர்த்து நோயையும் கொடுத்துவிடக் கூடாதே என்று நானாகப் போய் நிற்கிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

முதல் கேள்வியே "எத்தனை கோழி?" சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. "இதுக்கெல்லாமா டெஸ்ட்?"

அப்புறம் இன்னொருவர், "வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டாச்சுல்ல, வேற என்ன வேணும்?" என்கிறார். ஐயா, அது ராணிக்கெட், வைரஸ். நான் கேட்பது புல்லோரம் (Pullorum) என்ற நோய்க்கு, அது பாக்டீரியா. தாய்க்கோழி நன்றாக மேய்ந்துகொண்டு, முட்டை இட்டுக்கொண்டு, பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருக்கும், ஆனால் கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்குள் போய்விடும், பொரித்த சில நாளில் குஞ்சுகள் பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கொண்டு, ஒடுங்கி நின்று, கொத்துக்கொத்தாகச் சாகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தானே சோதனை கேட்கிறேன்!

அதுவும் பெரிய வேலையா? இறக்கை நரம்பில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், வெள்ளைத் தட்டில் சாயமேற்றிய ஆன்டிஜென் என்ற சோதனைத் திரவம் ஒரு சொட்டு, இரண்டையும் கலக்கி இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும், திரிதிரியாகத் திரண்டால் சந்தேகம். கூண்டுப் பக்கத்திலேயே நின்று செய்யலாம். என் கோழி மொத்தத்துக்கும் ஒரு காலைப்பொழுது போதும்.

புல்லோரம் போக, பறவைக்காய்ச்சல் சோதனையும் கேட்டிருந்தேன். அதற்குத் தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். சரி, ஒரு வழியாக வேலை நடக்கிறது என்று நினைத்தேன். ஐஸில் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு, "மாதிரி கெட்டுப்போச்சு, திரும்ப விண்ணப்பம் போடுங்க" என்கிறார்கள். கோழியைப் பிடித்து, அமுக்கி, அது துடிக்கத் துடிக்க எடுத்த மாதிரி அது!

எந்தச் சோதனையும் செய்யாதவர் இன்றைக்கும் தாராளமாகக் குஞ்சு விற்கிறார், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாளைக்குப் பக்கத்தில் எங்காவது பறவைக்காய்ச்சல் வந்தால், கொல்லையில் மேயும் கோழியைக்கூட விடாமல் எண்ணி அழிக்க ஆள் வரும். அன்றைக்கு இந்த 22 கணக்கில் வரும், சோதிக்கச் சொன்னால் மட்டும் வராதா?

முட்டை கேட்டவர்களிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். முடிவு கையில் வராமல் ஒரு முட்டைகூடக் கொடுக்க மாட்டேன். திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.