நிதி கேட்கும்போதே குழாயையும் கேளுங்கள்

கழிவுநீர் மறுசுழற்சிக்கு அரசிடம் பணம் கேட்டுப் போகும் டி.பி.ஆர்.களில், அதாவது விரிவான திட்ட அறிக்கைகளில், ஒரு பொதுத்தன்மை உண்டு. முதல் பக்கத்திலேயே எத்தனை எம்.எல்.டி. (ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்) என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். என்ன தொழில்நுட்பம், எவ்வளவு நிலம், எத்தனை கோடி என்று எல்லாமே விலாவாரியாக வரும். அந்தத் தண்ணீரை யார் வாங்கப்போகிறார்கள் என்பது மட்டும் "தொழிற்சாலைகள், பாசனம் முதலியன" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த "முதலியன"வில்தான் திட்டம் மூழ்குகிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் உருவாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. அமைத்து வைத்திருக்கும் சுத்திகரிப்புத் திறன் 31,841. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236. முதல் இடைவெளிக்குக் காரணம் பணம் வராதது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது இடைவெளிக்கு என்ன சொல்வது? அங்கே பணமும் வந்துவிட்டது, ரிப்பனும் வெட்டியாகிவிட்டது.

நிலையத்துக்குள் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்கு ராத்திரி பகல் பாராமல் ஆக்சிஜன் வேண்டும், அதற்குக் காற்றை ஊதும் ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின் கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்குவதும் அந்த ப்ளோயர்தான். கையில் காசில்லாத நிர்வாகம் முதலில் கைவைப்பதும் அதில்தான். நன்றாக ஓடும் தொட்டி பழுப்பாக, மண்வாசனையோடு இருக்கும். ப்ளோயரை நிறுத்திப் போட்டால் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்க ஆரம்பிக்கும். கட்டுவதற்கு மானியம் வாங்கி, ஓட்டுவதற்கு வழி வைக்காததன் நாற்றம் அது.

வட்டாரத் திட்டம் என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. கழிவுநீர் ஓர் ஊராட்சியுடையது, நிலம் இன்னொரு நகராட்சியுடையது, தண்ணீர் தேவைப்படுவது மூன்றாவது இடத்தில். செலவை யார் எந்த விகிதத்தில் ஏற்பது என்று தங்களுக்குள் பேசி முடிக்காமல், "அரசு கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விண்ணப்பம் போடுகிறார்கள். கொடுத்த பிறகு சண்டை.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் அந்தக் கணக்கை முதலிலேயே பேசித் தீர்த்தார்கள். கழிவுநீர்த் துறைக்குக் கடலுக்குள் இன்னொரு வெளியேற்றுக் குழாய் போட வேண்டிய செலவு தலைக்கு மேல் நின்றது. நிலத்தடி நீர்த் துறைக்கோ கடல்நீர் உள்ளே புகுவதைத் தடுக்க நல்ல தண்ணீர் வேண்டும். ஒருவருடைய தொல்லை இன்னொருவருக்குத் தீர்வு. இரண்டு துறைகளும் கட்டுமானச் செலவைப் பகிர்ந்துகொண்டன. 2008-ல் ஓடத் தொடங்கிய நிலையம் 2023-ல் நாளொன்றுக்கு 13 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 49 கோடி லிட்டர், என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூருக்கு இந்தப் பேச்சுவார்த்தையே தேவைப்படவில்லை. குடிநீரும் கழிவுநீரும் 2001 முதல் ஒரே வாரியத்தின் கையில் இருந்ததால், 2003-லேயே நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீர் நிலையங்கள் திறந்தாகிவிட்டன. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

கொடுக்கும் அரசுகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுதாரித்துக்கொள்கின்றன. கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கான அமெரிக்காவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் பங்கு பொதுவாகச் செலவில் கால்வாசிதான். மீதியை நீங்கள் எப்படித் திரட்டுவீர்கள் என்பதைச் சாத்தியக்கூறு அறிக்கையிலேயே காட்ட வேண்டும். கங்கைத் தூய்மைத் திட்டத்தில் வந்த ஹைபிரிட் ஆன்யூட்டி முறை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கட்டும்போது ஒப்பந்தக்காரருக்கு மூலதனச் செலவில் 40 சதவீதம். மீதி 60 சதவீதம், நிலையம் ஒழுங்காக ஓடினால், 15 ஆண்டுகளில் தவணை தவணையாக. ப்ளோயரை நிறுத்தினால் அவருக்கே நஷ்டம். நான் அதிகம் நம்புவது இந்த ஏற்பாட்டைத்தான்.

"தொழிற்சாலைக்குத் தண்ணீர் கொடுக்க மக்கள் வரிப்பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஆற்றுநீரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துக்கொண்டே, மறுசுழற்சி நீர் மட்டும் தன் முழுச் செலவையும் தானே ஈட்ட வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? தொழிற்சாலை விட்டுக்கொடுக்கும் ஆற்றுநீர் குடிநீருக்குத் திரும்பும் என்று எழுத்தில் உறுதி இருந்தால், அந்த மானியம் மக்களுக்குத்தான் போகிறது. உறுதி இல்லையென்றால் அவர்கள் கேட்பதுதான் சரி.

இன்னொன்று, ஆர்.ஓ. கழிவு. ஆர்.ஓ. என்பது நீரை அழுத்தத்தோடு நுண்சவ்வு வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறை. உள்ளே போகும் நீரில் ஒரு பகுதி உப்பெல்லாம் சேர்ந்த அடர்நீராகத்தான் வெளியே வரும். கடலோரத்தில் அதற்கு வழி உண்டு. உள்நாட்டில் எங்கே விடுவீர்கள்? இந்தச் செலவைப் பட்ஜெட்டில் சேர்க்காத திட்டத்துக்குக் கையெழுத்தே போடக்கூடாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வாங்குபவரிடமிருந்து. நாக்பூரில் 130 எம்.எல்.டி. கழிவுநீரை எடுத்துச் சுத்திகரித்துக்கொள்ள மாநில மின் உற்பத்தி நிறுவனமே முன்வந்தது, மத்திய மானியமும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. 2016-ன் மின்கட்டணக் கொள்கைப்படி, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் அனல்மின் நிலையம் அந்த நீரைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், கூடுதல் செலவையும் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். டி.பி.ஆர். எழுத உட்காரும் பொறியாளர், வரைபடத்தில் அந்த 50 கிலோமீட்டர் வட்டத்தை முதலில் போடட்டும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் வாசல்வரை குழாய் போட என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு சுத்திகரிப்பு நிலையத்தின் அளவை முடிவுசெய்யட்டும்.